எலும்புக்கும் இரண்டு போகம்

பல் போனால் சொல் போயிற்று என்பது பழமொழி. சொல் போவதைக் காது அறியும்; ஆகவே அதனைப் பழமொழியும் கண்டுகொண்டது. பல் போனால் எலும்பும் போகும் என்பதோ, கண்ணுக்கும் காதுக்கும் எட்டாமல் முரசின் உள்ளே பல ஆண்டுகளாக நடைபெறும் காரியம். அதனை நாம் அறிய நேர்ந்தது சென்ற சில ஆண்டுகளுக்குள்ளேதான். நாம் வைத்தியர் அல்லர். வவுனியாவில் வரலாறு கற்பிக்கும் ஒரு பட்டதாரி ஆசிரியர். ஆயினும் வைத்தியரிடம் கேட்டதையும், நூல்களில் படித்ததையும், எமது தாடையே எமக்குக் கற்பித்ததையும் இப்பகுதியின் வாசகர்களுக்குச் சொல்லிவைப்பது பயன்தரும் என்று கருதுகிறோம். ஏனெனில், வன்னியில் எம் வயதையொத்தவர்களுள் கடைவாய்ப் பற்களை இளமையிலேயே இழந்தவர் பலர்.

அதற்குக் காரணம் உண்டு. போரும் இடப்பெயர்வும் மருந்துத் தட்டுப்பாடும் சூழ்ந்திருந்த 1990களில், வன்னிப் பெருநிலப்பரப்பில் பல்லைக் காப்பாற்றும் வைத்தியம் அரிதாயிருந்தது; பல்லைப் பிடுங்கும் வைத்தியம் மட்டும் ஒருவாறு கிடைத்தது. சூத்தைப் பல்லைத் துப்புரவாக்கி அடைப்பதற்கு மின்சாரம் வேண்டும். அடைக்கும் பொருள் வேண்டும். பல தடவை போய்வர அமைதியான நாட்கள் வேண்டும். குறடு ஒன்றுக்கு இவையொன்றும் வேண்டியதில்லை. 1996ஆம் ஆண்டில் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து, மல்லாவியில் ஓர் ஓலைக் கொட்டிலில் குடும்பத்தோடு தங்கியிருந்தபோது, எமது இடப்பக்க மேற்கடைவாய்ப் பற்கள் இரண்டும் இவ்வாறே விடைபெற்றன. அப்போது எமக்கு வயது பதினேழு. வலி தீர்ந்தது, அன்றைய தேவை அவ்வளவே.

ஆனால் உடம்பிலே வெற்றிடம் வெற்றிடமாகவே இருந்துவிடுவதில்லை. ஆள் பெயர்ந்த காணிக்குள் காடு எப்படி நுழைகிறது என்பதை வன்னி மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. தாடையெலும்பில் பற்கள் ஊன்றியிருக்கும் பகுதி பல்லுக்காகவே அமைந்த பகுதியாகும். நாம் மெல்லும் ஒவ்வொரு தடவையும் பல்லின் வேர் வழியாக வரும் அழுத்தமே அதற்கு வேலை கொடுக்கிறது. வேலை நின்றதும் அது மெல்ல மெல்லக் கரையத் தொடங்குகிறது. மேற்றாடையின் பின்புறத்திலோ இதனோடு இன்னொரு நட்டமும் சேர்ந்துகொள்கிறது. கீழிருந்து எலும்பு கரைய, மேலிருந்து ஓர் அறை இறங்கி வருகிறது.

அந்த அறை யாது? கன்னத்தெலும்பின் உள்ளே, மேற்கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு நேர் மேலே, இருபுறமும் காற்று நிரம்பிய பொந்து ஒவ்வொன்று உண்டு. வைத்தியர்கள் இதனைச் சைனஸ் என்பர். மூக்கோடு சிறு வாயிலால் தொடர்புடைய இவ்வறையை 1651ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தைச் சேர்ந்த நதானியேல் ஹைமோர் என்னும் உடற்கூற்று அறிஞர் தமது நூலில் விவரித்தார். பீனிசம் என்று நம்மவர் வழங்கும் நோய் பெரும்பாலும் குடிகொள்வதும் இவ்வறைகளிலேதான். பற்கள் இருக்கும்வரை அவற்றின் வேர்கள் இவ்வறையின் தளத்தைத் தாங்கி நிற்கின்றன. பற்கள் போனபின், ஆண்டுகள் செல்லச் செல்ல, அறை கீழ்நோக்கிப் பெருகிவிடுகிறது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நாம் வலப்பக்கத்தாலேயே மென்று வந்தோம். நாற்பதைக் கடந்ததும் அந்தப் பக்கத்துப் பற்களும் தேய்ந்து கூசத் தொடங்கின. கழற்றி மாட்டும் கட்டுப்பல் ஒன்றைச் செய்வித்தோம். நாளொன்றுக்கு ஐந்து பாடவேளை நின்று பேசும் ஒருவருக்கு அது ஒரு சோதனை. சோழர் வரலாற்றின் நடுவில் தகடு வழுக்கி நாவில் விழும்போது, பின்வரிசை மாணவர்கள் இராசராசனை மறந்துவிடுகிறார்கள். ஆகவே, தாடையெலும்பிலேயே உலோக வேரை நாட்டி, அதன்மேல் பல்லைப் பொருத்தும் இம்பிளான்ற் முறையை நாடினோம். கண்டி வீதியால் நேரே தெற்கே சென்றால் கண்டி. அங்கே ஒரு பல்வைத்தியர் முப்பரிமாணக் கதிர்ப்படம் எடுத்து, எமது வெற்றிடத்தின்மேல் அளவுகோலை வைத்துக் காட்டினார். வேர் நாட்டுவதற்கு ஏறக்குறைய பத்து மில்லிமீற்றர் ஆழம் வேண்டியிருக்க, எம்மிடம் எஞ்சியிருந்தது மூன்று மில்லிமீற்றர். அதற்கு மேலே வெறுங்காற்று.

“முதலில் நிலம் வேண்டும்; பிறகுதான் நடலாம்,” என்றார் அவர்.

நடுவது என்பதும் வெறும் உவமையன்று. 1952ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டிலே பேர்-இங்வார் பிரோனமார்க் என்னும் ஆய்வாளர், எலும்பினுள் இரத்தம் ஓடுவதைக் காண்பதற்காக, முயலின் காலெலும்பில் தைத்தேனியம் என்னும் உலோகத்தாலான சிறு கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதனைக் கழற்ற முயன்றபோது அது அசையவில்லை. எலும்பு அந்த உலோகத்தை அந்நியமெனத் தள்ளிவிடாமல், அதனோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965ஆம் ஆண்டில் கோஸ்டா லார்சன் என்பவருடைய கீழ்த்தாடையில் தைத்தேனிய வேர்களை அவர் நாட்டினார். 2006ஆம் ஆண்டில் லார்சன் மறையும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அவை அவருக்கு உழைத்தன. ஆயினும் உலகம் உடனே நம்பிவிடவில்லை. 1982ஆம் ஆண்டில் கனடாவின் ரொறன்ரோ நகரில் கூடிய மாநாட்டின் பின்னரே இம்முறை வட அமெரிக்காவில் பரவலாயிற்று.

இந்தத் தைத்தேனியம் நமக்கு முற்றிலும் அந்நியமான பொருளன்று. முல்லைத்தீவுக் கரைக்குத் தெற்கே, கொக்கிளாய்க் கடனீரேரிக்கு அப்பால், புல்மோட்டைக் கடற்கரையில் கிடக்கும் கருமணலில் இல்மனைற்று, உரூட்டைல் என்னும் தைத்தேனியக் கனியங்கள் நிறைந்துள்ளன. அதனை அகழ்வதற்கென 1957ஆம் ஆண்டில் அரச கூட்டுத்தாபனமும் அமைந்தது. உலகில் எடுக்கப்படும் இத்தகைய மணலின் பெரும்பகுதி தீந்தை முதலியவற்றுக்கு வெண்ணிறமூட்டவே செலவாகிறது. சில பற்பசைகளின் வெண்மையும் அதுவே. உலோகமாகி எலும்புக்குள் செல்வது மிகச் சிறு பகுதி. எம் தாடையில் இருக்கும் உலோகம் எந்தக் கரையிலிருந்து வந்ததோ எமக்குத் தெரியாது. ஆனால் அதன் உறவினர் நம் அயலிலே கிடக்கின்றனர் என்பது எமக்கு ஒரு மகிழ்ச்சி.

இனி, நிலம் உண்டாக்கும் வேலையைப் பார்ப்போம். அறையின் தளத்தை உயர்த்தும் இச்சத்திரசிகிச்சையை 1970களில் அமெரிக்கப் பல்வைத்தியர் ஹில்ட் டேட்டம் செய்யத் தொடங்கினார். 1980ஆம் ஆண்டில் பொயின், ஜேம்ஸ் என்னும் இருவர் தமது அனுபவத்தை எழுதி வெளியிட்டனர். முறை இதுதான்: முரசை விலக்கி, கன்னப்பக்கத்து எலும்பில் ஒரு சிறு சாளரம் திறப்பார்கள். உள்ளே, காற்றறையின் சுவரைப் போர்த்தி, முட்டையோட்டின் உட்புறத் தோல்போல ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். அதன் தடிப்பு பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அச்சவ்வைக் கிழியாமல் எலும்பிலிருந்து பிரித்து மேலே உயர்த்துவதிலேயே வைத்தியரின் கைத்திறன் எல்லாம் அடங்கியிருக்கிறது. இச்சிகிச்சையில் அதிகமாக நேரும் இடர் சவ்வு கிழிதலே. சிறு கிழிசலாயின் அங்கேயே மூடி வேலையைத் தொடரலாம். பெரிதாயின் நிறுத்திவிட்டு வேறொரு நாள் பார்க்க வேண்டும். உயர்த்திய சவ்வுக்கும் பழைய எலும்புக்கும் இடையே உண்டாகும் வெளியில், குருணல் போன்ற ஒரு பொருளை நிரப்பி மூடிவிடுவார்கள்.

அந்தக் குருணல் எதனாலானது என்ற கேள்விதான் எம் வீட்டை ஒரு வாரம் உலுப்பியது.

வைத்தியர் தந்த சம்மதப் பத்திரத்தில் அது பெரும்பாலும் மாட்டெலும்பிலிருந்து பெறப்படுவது என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து அதனை வாசித்தபோது, விறாந்தையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த எம் தாயாரின் கை நின்றது. எம் தாயார் சைவ உணவினர், வெள்ளிக்கிழமை தவறாதவர். ஆனால் அவர் அன்று பேசியது சாத்திரம் அன்று.

“அண்டைக்கு அதுகளின்ரை கயித்தை அறுத்து விட்டிட்டு வந்தனாங்கள், மோனை. இண்டைக்கு அதுகளின்ரை எலும்பு உன்ரை வாயுக்கையோ?”

1996இல் ஊரைவிட்டுப் புறப்பட்ட இரவில், எம் தொழுவத்தில் ஐந்து பசுக்கள் நின்றன. கூட்டிச்செல்ல வழியில்லை; கட்டிவைத்துச் செல்ல மனமில்லை. தாயார்தாம் ஒவ்வொன்றின் கயிற்றையும் அறுத்துவிட்டார். அவற்றுள் ஒன்றையேனும் நாம் பின்னர் காணவில்லை. இதனை எந்த மருந்து நூலைக் கொண்டு மறுப்பது? நாம் மறுக்கவில்லை. அடுத்த கிழமை கண்டிக்குச் சென்று வைத்தியரிடம் அப்படியே சொன்னோம். அவர் சிங்களவர், ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டோம். அவர் புன்னகைக்கவுமில்லை, அலுத்துக்கொள்ளவுமில்லை. மரக்கறி உண்ணும் பௌத்தர்களும் இதனையே கேட்பதுண்டு என்றும், மேலே மூடும் சில சவ்வுகள் பன்றியிலிருந்து பெறப்படுவதால் முஸ்லிம்களும் கேட்பதுண்டு என்றும் சொல்லி, கதிரையை அருகே இழுத்துக்கொண்டு விளக்கலானார்.

எலும்பு இரண்டு பொருள்களின் கூட்டு. ஒன்று நாரான புரதம். மற்றொன்று சுண்ணமும் பொசுபரசும் சேர்ந்த கனியம். நம் ஊரில் காடாற்றுக்குச் சென்றவர்களுக்கு இது தெரியும். தீ புரதத்தை உண்டுவிட, வெண்ணிறமாய் எஞ்சிக் கைக்கு வருவது அந்தக் கனியமே. மாட்டெலும்பிலிருந்து செய்யும் குருணலிலும் இரசாயன முறையாலும் வெப்பத்தாலும் புரதத்தை நீக்கிவிடுகிறார்கள். கனியக் கூடு மட்டும் நிற்கிறது. அது மிக மெதுவாகவே கரைவதால் நிரப்பிய அளவு குறையாமல் இருக்கும். அதனாலேயே பலர் அதனை விரும்புகின்றனர். அதற்கு மாற்றும் உண்டு. நோயாளியின் சொந்த எலும்பைச் சுரண்டி வைக்கலாம்; அது மிகச் சிறந்தது, ஆனால் கூடுதலாக வேண்டுமெனில் இன்னொரு காயம் உண்டாகும்; விரைவில் சுருங்கவும் கூடும். இறந்தோர் தானம் செய்த மனித எலும்பைப் பதப்படுத்தி வைப்பதும் உண்டு. ஆய்வுசாலையிலே செயற்கையாகச் செய்த சுண்ணப் பொசுபேற்றும் உண்டு.

ஒன்றும் வைக்காமலே செய்வதும் உண்டு என்று கேட்டபோது வியந்தோம். 2004ஆம் ஆண்டில் சுவீடன் ஆய்வாளர் ஒரு குழுவினர், சவ்வை உயர்த்தி, உடனேயே உலோக வேர்களை நாட்டி, அவற்றையே கூடாரக் கம்பங்கள்போல நிறுத்தி, உள்ளே இரத்தம் மட்டும் உறையும்படி விட்டுவிட்டதில், அங்கே எலும்பு வளர்ந்ததைக் கண்டு வெளியிட்டனர். ஆனால் கம்பம் நிற்பதற்குப் போதிய பழைய எலும்பு வேண்டும். ஐந்து மில்லிமீற்றர் அளவில் இருந்தால் பெரும்பாலும் ஒரே நாளில் உயர்த்தவும் நாட்டவும் துணிவார்கள். எம்முடைய மூன்று அதற்குப் போதாது.

இந்தச் செய்தியிலேதான் எமக்கு விஷயம் விளங்கிற்று. நிரப்பும் பொருள் எதுவாயினும் அது இடத்தைக் காத்து நிற்கும் பந்தலேயாகும். புடோலங்கொடி பந்தலில் படரும். ஆனால் பந்தலில் காய் காய்ப்பதில்லை. எலும்பை வளர்ப்பது எம்முடைய இரத்தமும் எம்முடைய உயிரணுக்களுமே. அப்படியாயின் எந்தப் பந்தல் என்பதை நோயாளியின் மனச்சாட்சியும் சேர்ந்து தீர்மானிக்கலாம். செயற்கைக் குருணலோடு, சாளரம் திறந்த இடத்திலேயே சுரண்டிய எமது எலும்புத் தூளைக் கலந்து நிரப்புவதென்றும், எமது இரத்தத்தையே இயந்திரத்தில் சுழற்றி எடுத்த நார்ப்படலத்தால் மூடுவதென்றும் முடிவாயிற்று. மாட்டெலும்பைப்போல் இது நெடுங்காலம் கரையாமல் இராது என்பதையும் வைத்தியர் மறைக்கவில்லை. மாட்டெலும்பை ஏற்றுக்கொள்பவர்களை நாம் குறைகூறவில்லை. அவர்களுக்கும் பலன் நன்றாகவே கிடைக்கிறது. கத்தி எடுக்கும் முன்பே இதனைக் கேட்க ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதே எம் கருத்து. தாயாரிடம் சொன்னோம். “அப்ப செய்,” என்று ஒரு சொல்லோடு சுளகை எடுத்துக்கொண்டார்.

ஐப்பசி மாதத்தில், வயல்களில் காலபோக விதைப்பு நடந்துகொண்டிருந்த நாட்களில், சத்திரசிகிச்சை முடிந்தது. கன்னம் நான்கு நாட்கள் வீங்கியிருந்தது. அதன்பின் வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. உள்ளே நடந்ததை வைத்தியர் எமக்குப் படம் வரைந்து காட்டியிருந்தார். முதல் நாள் குருணலுக்கிடையே இரத்தம் உறைகிறது. அடுத்த வாரங்களில், பழைய எலும்பின் தளத்திலிருந்தும் சுவர்களிலிருந்தும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் உள்ளே நுழைகின்றன. இரத்தம் சென்ற வழியே எலும்பு செல்கிறது. குருணலின் மேலே ஒழுங்கற்ற இளவெலும்பு படிகிறது. இது ஓரத்தில் தொடங்கி மெல்ல நடுவை நோக்கிச் செல்வதால், நடுப்பகுதிதான் கடைசியாக முதிர்கிறது. பின்னர் மாதக்கணக்கில் அந்த இளவெலும்பு அரிக்கப்பட்டு, ஒழுங்கான அடுக்குகளாக மீண்டும் கட்டப்படுகிறது. ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம்வரை இதற்கு வேண்டும். முதிர்ந்த பின்னரும் அது கலப்பு நிலமே: புதிய எலும்பு, எஞ்சிய குருணல், இடையிடையே மச்சை.

இக்காலத்தில் நோயாளிக்குள்ள கடமைகள் சிறியவை. ஆனால் அவற்றை வைத்தியர் வந்து செய்ய முடியாது. முதல் சில வாரங்கள் மூக்கைச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். குழாயால் உறிஞ்சிக் குடிக்கக்கூடாது. அறையின் காற்றழுத்தம் மாறினால் சவ்வு அசையும், குருணல் கலையும். சுண்ணக்கட்டித் தூள் பறக்கும் வகுப்பறையில் வாயைத் திறந்து தும்மும் ஆசிரியரைப் பற்றி மாணவர் என்ன பேசினர் என்பதை நாம் விசாரிக்கவில்லை. புகைத்தலும், புகையிலை சேர்த்த வெற்றிலையும் கூடவே கூடாது. புகையிலையின் நஞ்சு நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கும், குழாய் செல்லாத இடத்துக்கு எலும்பும் செல்லாது. நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஆறுதல் தாமதமாகும். தொற்றும் எளிதில் ஏற்படும். எலும்புத் தேய்வுக்காகச் சில மருந்துகளை உட்கொள்ளும் முதியோர், பல்வைத்தியரிடம் அதனை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவற்றுட் சில தாடையெலும்பின் ஆறுதலையே கெடுக்கக் கூடியவை.

இவ்வாறிருக்கையில், தை மாதத்தில் எம் மைத்துனர் ரொறன்ரோவிலிருந்து வந்து சேர்ந்தார். அவருக்கும் எம்மைப்போலவே மேற்கடைவாயில் வெற்றிடம். அவர் பல் போனதும் அதே காலத்தில், அதே வகையில். கனடாவிலே இச்சிகிச்சைக்குச் செலவு மிக அதிகம். ஆகவே விடுமுறையில் இங்கே முடித்துக்கொண்டு போகலாம் என்று வந்திருந்தார். இப்படி வருவோர் இப்போது பலர், அதில் குற்றமில்லை. ஆனால் அவருடைய விடுமுறை நான்கு வாரம்.

“அத்தான், நாலு கிழமையிலை ஒரு வீட்டையே கட்டுறாங்கள். ஒரு பல்லுக் கட்ட ஏலாதோ?” என்றார்.

கண்டி வைத்தியர் அவருடைய படத்தையும் பார்த்தார். இருந்தது நான்கு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. இம்முறை தளத்தை உயர்த்தி நிரப்பலாம். அடுத்த விடுமுறையில் வேர் நாட்டலாம். அதற்கடுத்ததில் பல் வைக்கலாம் என்றார். மைத்துனர் கோபத்தோடு வெளியே வந்தார். மூன்று விமானப் பயணத்தின் செலவைக் கணக்கிட்டால் ரொறன்ரோவிலேயே செய்துவிடலாம் என்றார். அது நியாயமான கணக்கே. அவரோடு நாம் வாதிடவில்லை. எலும்புக்கு ரொறன்ரோவும் ஒன்று, வவுனியாவும் ஒன்று என்று மட்டும் சொன்னோம். 1982ஆம் ஆண்டு மாநாடு கூடியது உமது நகரத்திலேதான், அங்கேயும் அன்று பேசப்பட்டது பொறுமையைப் பற்றியே என்றும் சொன்னோம். எலும்பு ஒன்றுமுன் வேர்மீது பாரம் ஏற்றாதிருத்தல் பிரோனமார்க் வகுத்த முறையின் ஓர் அடிப்படை. இன்று தகுந்த எலும்புள்ளவர்களுக்கு அந்தக் காலத்தைக் குறைக்கிறார்கள். சிலருக்கு அன்றே பல்லும் வைக்கிறார்கள். ஆனால் காற்றாயிருந்த இடத்தில் புதிதாக எலும்பு விளையவேண்டியவருக்கு அந்தச் சலுகை இல்லை. மைத்துனர் பற்களைத் துப்புரவாக்கி, ஒரு சூத்தையை அடைத்துக்கொண்டு திரும்பினார். அங்கேயே ஒருவரிடம் தொடங்கிவிட்டதாகப் பின்னர் எழுதினார். அங்கும் சொன்னது எட்டு மாதம்.

எமக்கு வைகாசியில் அழைப்பு வந்தது. காலபோக அறுவடை முடிந்து, சிறுபோகப் பயிர் தலைகாட்டிய நேரம். புதிய படத்தில் மூன்றாயிருந்தது பதினொன்றாகத் தெரிந்தது. ஆனால் படம் நிழலையே காட்டும். குருணலும் அதில் எலும்பைப்போலவே வெண்மையாகத் தெரியும். உண்மையை வைத்தியரின் துளைகருவியே அறிய வேண்டும். அவர் துளைத்தார், கருவி தடங்கித் தடங்கி இறங்கிற்று. வெளியே வந்த சிறு துண்டைத் தாதியின் தட்டில் வைத்து எமக்குக் காட்டினார். அதில் இரத்தம் கசிந்தது. “உயிர் இருக்கிறது,” என்றார். முதல் ஐப்பசியில் காற்று மட்டுமே இருந்த இடம் அது. மரத்துப்போன வாயோடு நாம் ஒன்றும் பேச இயலவில்லை. பேச இயன்றிருந்தாலும் என்ன பேசியிருப்போமோ தெரியாது.

வேர் இரண்டும் நாட்டப்பட்டன. இனி அவசரப்படலாம் என்று எண்ணுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. நாட்டிய அன்று வேர் உறுதியாக நிற்பது, திருகாணி பலகையில் நிற்பதுபோன்ற பிடிப்பினால். அடுத்த வாரங்களில் உடம்பு, நசுங்கிய எலும்பை அரித்து அப்புறப்படுத்துகிறது. புதிய எலும்பு இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே மூன்றாம் நான்காம் வாரங்களில் வேர் முதல் நாளைவிடத் தளர்ந்த நிலையில் இருக்கும். வலியோ முற்றாக நின்றுவிட்டிருக்கும். நோயாளி முறுக்குக் கடிக்கத் துணிவதும் அப்போதுதான்! வேர் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்களவுக்கு மேல் தொடர்ந்து அசைந்தால், அதைச் சுற்றி எலும்புக்குப் பதிலாக நார்த்தசை வளர்ந்துவிடும். பிறகு அது நிலைக்காது. மேற்றாடையின் பின்புறத்து எலும்பு இயல்பாகவே மென்மையானதாகையால் அங்கே கவனம் இரட்டிப்பாக வேண்டும். எம் இல்லாள் அந்த நான்கு மாதமும் முறுக்கு வாளியை எம் கண்ணில் காட்டவில்லை. புரட்டாசியில் பற்கள் இரண்டும் பொருத்தப்பட்டன. ஓர் ஆண்டில் இரண்டு போகம்: ஒன்று நிலத்துக்கு, மற்றொன்று வேருக்கு.

இப்போது இடப்பக்கத்தால் மெல்லுகிறோம். உயர்த்திய தளத்தில் நாட்டிய வேர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பல ஆண்டுகள் நிலைப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. எனினும் எல்லோரும் இதனை நாடுக என்று நாம் சொல்லமாட்டோம். ஓர் ஆசிரியரின் பல மாதச் சம்பளத்தை விழுங்கும் சிகிச்சை இது. கட்டுப்பல் நன்றாகப் பொருந்துவோர்க்கு அதுவே போதும். சிலருக்குக் குறுகிய வேரே பொருந்தலாம். தளத்தை உயர்த்தும் வேலையே வேண்டியிராது. கடைசிக் கடைவாய்ப்பல் ஒன்று இல்லாமலே குறையின்றி உண்போரும் உளர்.

எல்லாவற்றிலும் மலிவானது, பிடுங்காத பல். எம் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய்க்காத வசதி இன்று எம் மாணவர்களுக்கு உண்டு. பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைப் பார்ப்பதற்கென்றே பயிற்சி பெற்ற பற்சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள்; அரசாங்க வைத்தியசாலைகளில் சூத்தையை அடைப்பதற்குப் பணம் இல்லை. ஆயினும் “பிடுங்கிவிட்டால் கரைச்சல் தீர்ந்தது” என்னும் பழைய சொல் இன்னும் எம் வீடுகளில் நடமாடுகிறது. அது குறடு மட்டுமே கிடைத்த நாட்களின் சொல். அந்த நாட்கள் போய்விட்டன. அந்தச் சொல்லையும் அவற்றோடு அனுப்பிவிடலாம்.

இச்சிகிச்சையை நாடியே தீர வேண்டியவர்கள், நாள் குறிக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்க. எஞ்சியிருக்கும் எலும்பு எத்தனை மில்லிமீற்றர்? நிரப்பும் பொருள் எதிலிருந்து வந்தது, அதற்கு மாற்று யாது? வேர் நாட்டுவது எந்த மாதம், பல் பொருத்துவது எந்த மாதம்? இடையில் ஏதேனும் பிழைத்தால் அடுத்த வழி என்ன? இந்நான்குக்கும் கதிரையை அருகே இழுத்துக்கொண்டு விடை சொல்லும் வைத்தியர் கிடைத்தால், அவரிடம் உங்கள் தாடையை ஒப்படைக்கலாம். அதற்குப் பின் வரும் மாதங்கள் உங்களுடையவை.